ஒரே போன் நம்பரில் இரண்டு பேர்

டேட்டாபேஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கிற மனுஷியிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? ஆனால் ஒன்று. நான் சாதித்த கதைகளை எழுதினால் நீங்கள் பாதியிலேயே தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் அசடு வழிந்த கதையைச் சொல்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் அதே தப்பை உங்கள் டேபிளில் பார்த்தேன் என்றால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன்.

நான் ஆக்லாந்துக்கு வந்த புதிது. மதுரையிலும் சென்னையிலும் பதினைந்து வருடம் வேலை பார்த்திருந்தேன். அந்தத் திமிர் பெட்டியோடு கூடவே வந்திருந்தது. எல்லர்ஸ்லியில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யும் இடம். மாதத்துக்கு ஒரு நாள்தான் சர்ஜன் வருவார். அந்த நாளுக்காக ஒரு பெரிய வரிசை காத்திருக்கும். என் விசா அந்த வேலையை நம்பி இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

நான் போனபோது அந்த வரிசை முழுக்க ஒரே ஒரு எக்ஸெல் தாளில் இருந்தது. ஒருவர் ஐந்து தடவை வந்தால் அவர் பெயர் ஐந்து தடவை, முகவரி ஐந்து தடவை. அவர் வீடு மாறினால் நான்கு இடத்தில் பழைய முகவரி, ஓர் இடத்தில் புதியது. எது சரி என்று அந்தத் தாளுக்கே தெரியாது. பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கினேன். ஆட்களுக்கு ஒரு டேபிள் (கட்டம் போட்ட பட்டியல்தான்), அவர்கள் வந்துபோன நாட்களுக்கு ஒரு டேபிள், காத்திருக்கும் வரிசைக்கு ஒரு டேபிள். ஒரு விஷயம் ஒரே இடத்தில்தான் இருக்கும். மற்ற டேபிள்கள் ஆளின் விவரத்தைத் திரும்ப எழுதாமல் 'இன்னார்' என்று சுட்டிக் காட்டினால் போதும்.

அந்த 'இன்னார்' யார் என்று சந்தேகமில்லாமல் சொல்வதற்கு ஒன்று வேண்டுமே, அதுதான் பிரைமரி கீ. நான் சாவி என்றே சொல்கிறேன். ஒரு சாவிக்கு ஒரே ஆள். இரண்டு பேருக்கு ஒரே சாவி இருக்கக்கூடாது, சாவி இல்லாமல் யாரும் உள்ளே வரவும் கூடாது.

எதைச் சாவியாக வைப்பது? இங்கேதான் என் அறிவு பொங்கி வழிந்தது. பெயரை வைக்கலாம் என்றார் மேலாளர். அவர் இந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். நான் அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். "எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் பின்னால் வரும், கல்யாணமானால் புருஷன் பெயர் வரும். என் அப்பாவுக்கும் என் தம்பிக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. பெயரை நம்பாதீர்கள்" என்றேன். அவர் அசந்துபோனார். கைபேசி எண்ணைச் சாவியாக வைத்தேன். உலகத்தில் ஓர் எண் ஒரே ஆளிடம்தானே இருக்கும்? ஒரு தமிழச்சி இருந்ததால்தான் இது தெரிந்தது என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

கையோடு இன்னொன்றும் செய்தேன். சர்ஜன் வரும் நாளில் இடம் இருந்தால், வரிசையில் அடுத்தவருக்கு ஒரு மெசேஜ் தானாகவே போகும். ஐந்து நாளில் பதில் வராவிட்டால் இன்னொரு மெசேஜ். அதற்கும் பதில் இல்லையென்றால் அவருக்கு அக்கறையில்லை என்று பொருள். அவர் சேர்ந்த தேதியை அழித்து இன்றைய தேதியைப் போட்டு, வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். யாரும் கை வைக்க வேண்டாம். மேலாளர் கேக் வாங்கி வந்து கொடுத்தார்.

அது ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் ஒரு மணி இருக்கும். ரிசப்ஷனில் சத்தம் கேட்டது. அங்கே வேலை பார்த்த சுசீலா ஓடி வந்தார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். யார் வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டீ கொடுப்பார்.

"அக்கா, கொஞ்சம் வாங்க லா. ஒரு அம்மா செம்ம கோபத்துல இருக்காங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

போனேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். அறுபத்தெட்டு வயது, யாழ்ப்பாணம். பெயர் மகேஸ்வரி கந்தசாமி. கிளென் ஈடனிலிருந்து இரண்டு ரயில் மாறி, வழியெல்லாம் யார் யாரையோ கேட்டுக் கேட்டுத் தனியாக வந்திருக்கிறார்.

"போன வருசம் நானும் என்ரை மனுசனும் ஒரே நாளிலைதான் உங்களிட்டைப் பதிஞ்சனாங்கள். இவருக்குக் கண் செய்து நாலு மாசமாச்சு. எனக்கு ஒரு சத்தத்தையும் காணேல்லை. இவருக்கு இப்ப வீட்டிலை இருக்கிற தூசி முழுக்கத் தெரியுது. கறியிலை தலைமயிர் கண்டுபிடிக்கிறார். எனக்கெண்டால் கறியே தெரியேல்லை!"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். அவர் கார் ஓட்டுகிறவர். புருஷனுக்கு ஓட்டத் தெரியாது. கடைக்கு, கோயிலுக்கு, டாக்டரிடம் எல்லாம் அவர்தான் ஓட்டிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டு அம்மாமாரையும் ஏற்றிக்கொண்டு போவார். கண் மங்கத் தொடங்கியதும் யாரும் சொல்வதற்கு முன்னால் தானே கார்ச் சாவியைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது லைசன்ஸ் புதுப்பிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கண் பரிசோதனையில் தேறாவிட்டால் லைசன்ஸ் போய்விடும்.

"ஒருக்காப் போச்சுதெண்டால் இந்த வயசிலை எனக்குத் திரும்ப எடுக்கேலாது பிள்ளை. பேந்து உப்பு வாங்கவும் மகன் லீவு போட வேணும். மருமகள் ஒண்டும் சொல்ல மாட்டா. ஆனா நான் கேக்க மாட்டன்."

"இருங்கம்மா, இப்பவே பாத்துச் சொல்றேன். உங்க போன் நம்பர் சொல்லுங்க" என்றேன். சொன்னார். தட்டினேன். 'கந்தசாமி' என்று கண்ணில் பட்டது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. என் சாவி எப்படித் தப்பாக இருக்கும்? நேராக நிலவரத்தைப் பார்த்தேன். 'சிகிச்சை முடிந்தது' என்றிருந்தது.

"அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சே" என்றேன், ரொம்பக் கனிவாக.

அவர் முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, "அப்ப ஏன் பிள்ளை எனக்கு உங்கட மூக்கு எங்கையெண்டு தெரியேல்லை?" என்றார்.

காத்திருந்த நோயாளிகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மூக்கு அறுந்த மாதிரி இருந்தது. திரும்பவும் திரையைப் பார்த்தேன். அது அவர் புருஷனுடைய வரி. அம்மா கொடுத்த எண் மகனுடையது. அப்பாவுக்கும் அதே எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள்.

நீங்களே சொல்லுங்கள், நம் வீட்டுப் பெரியவர்களிடம் இங்கே யாராவது போன் நம்பர் கேட்டால் என்ன கொடுப்பார்கள்? பிள்ளையின் நம்பர்தான். அவர்களிடம் சொந்தமாகப் போன் இருந்தாலும் அதைக் கொடுக்க மாட்டார்கள். இங்கிலீஷில் யாராவது பேசினால் பிள்ளை பார்த்துக்கொள்ளும். அம்மா, அப்பா, மாமியார் என்று மூன்று பேரும் ஒரே நம்பர். என் அம்மா சென்னையில் பேங்குக்கு என் தம்பி நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார். பெயர் விஷயத்தில் தமிழச்சியாக இருந்த நான், போன் விஷயத்தில் அதை எப்படி மறந்தேன்? கூறுகெட்டவள்.

சரி, அப்படியானால் ஒரே சாவியில் இரண்டு பேரை என் டேபிள் ஏற்றுக்கொண்டிருக்காதே. இந்த அம்மா எப்படி உள்ளே வந்தார்? சுசீலாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டீக்கப்பை அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"நான்தான் கா. அந்த நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு சிஸ்டம் உள்ள விடவே இல்ல. பாவம் லா, பெரியவங்க, நிக்க வெச்சுட்டு எப்படி? கடைசியில ஒரு ஒன்னு சேத்துப் போட்டேன். போயிருச்சு."

"ஒரு ஒன்னா?"

"பொண்டாட்டிக்கு ஒன்னு. மாமியார் இருந்தா ரெண்டு."

இந்த ஊர்க் கைபேசி எண்களுக்கு ஒரே நீளம் கிடையாது. ஓர் இலக்கம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது, சிஸ்டமும் கேள்வி கேட்காது. ஆனால் மெசேஜ் மட்டும் யாருக்கும் இல்லாத ஓர் எண்ணுக்குப் போகும். மகேஸ்வரி அம்மாவுக்கு இடம் இரண்டு முறை வந்திருக்கிறது. நான்கு மெசேஜ் எங்கேயோ போயிருக்கிறது. இரண்டு முறையும் நான் எழுதிய புரோகிராம், அவருக்கு அக்கறையில்லை என்று கடைசிக்குத் தள்ளியிருக்கிறது. அந்த மெசேஜ் சங்கதி சுசீலாவுக்குத் தெரியாது, நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

இந்த மாதிரி எத்தனை பேர் என்று தேடினேன். ஓர் எண்ணின் வாலில் ஓர் இலக்கத்தை ஒட்டினால் இன்னொருவர் எண் வருகிறதா என்று அந்த டேபிளை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்த்தேன். காத்திருப்பவர்களில் இருபத்து மூன்று பேர். எல்லோரும் நம்மவர்கள், ஃபிஜிக்காரர்கள், சமோவாக்காரர்கள். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும் ஆட்கள்.

மேலாளரிடம் போனேன். வியாழக்கிழமை சர்ஜன் வரும் நாள். இரண்டு பேர் வர முடியாமல் போனதால் இரண்டு இடம் காலியாக இருந்தது. நாலு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அவர் கேட்டதும் முதலில் சொன்னது இதுதான்: "அந்த அம்மாவை முதல் இடத்தில் போட்டுவிடு. இரண்டு நிமிட வேலை. மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்." அடுத்ததாகக் கேட்டார்: "பொய்யான எண்களை உள்ளே போட்டது யார்?"

கதவுக்கு வெளியே சுசீலா நின்றிருந்தது எனக்குத் தெரியும். பிள்ளைகளே, நான் ஒன்றும் தியாகி இல்லை. அந்த இரண்டு நொடியில் விசா, வாடகை, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்முன்னே வந்துபோனது. 'ரிசப்ஷன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துக்கொள்வேன். அது உண்மையும்கூட. ஆனால் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் பொய் சொல்லாமல் ஒரு கிழவியை உள்ளே சேர்க்க நான் ஒரு வழியும் வைக்கவில்லையே.

"விதியை வைத்தது நான். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் நோயாளியாக இருக்கலாம் என்று எனக்கே தெரியாமல் சட்டம் போட்டுவிட்டேன். எண்ணைப் போட்டவர் அதைச் சரிக்கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தப்பு என்னுடையது" என்றேன். "அந்த அம்மாவை மட்டும் இப்போது முன்னால் போட மாட்டேன். இருபத்து மூன்று பேரில் அவர்தான் ரயிலேறி வந்து சண்டை போட்டவர். சண்டை போடாதவர்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். நாலு மணி வரை நேரம் கொடுங்கள்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். "நாலு மணி" என்று மட்டும் சொன்னார்.

இப்போது இரண்டாவது இடி. வரிசையைத் திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் முதலில் சேர்ந்த தேதி வேண்டும். அதைத்தான் என் புரோகிராம் அழித்துவிட்டு மேலே புதுத் தேதி எழுதியிருக்கிறதே! பழையது எங்கேயும் இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சுசீலா போய் மூன்று அட்டைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் டாக்டர் எழுதிய சிபாரிசுக் கடிதம், வந்த நாளின் முத்திரையோடு.

"தூக்கிப் போடச் சொன்னீங்க கா. எனக்கு மனசு வரல."

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கடிதங்களைப் பரப்பினோம். அவர் பெயரைப் படிக்க, நான் தேதியை எழுத, நடுநடுவே அவர் வெளியே ஓடி மகேஸ்வரி அம்மாவுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு வர, மூன்றரைக்கு முடித்தோம்.

மகேஸ்வரி அம்மா மூன்றாவது. இருந்தது இரண்டு இடம்.

இன்னொரு முறை கடிதங்களைப் பார்த்தேன். ஏதாவது தேதியைத் தப்பாகப் படித்திருக்க மாட்டோமா என்று மனசு ஏங்கியது. இல்லை. மூன்றாவதுதான். அடுத்த முறை சர்ஜன் வர ஐந்து வாரம். அதற்குப் பிறகு கண் ஆறி, பரிசோதனைக்குப் போய், லைசன்ஸ் எடுக்க வேண்டும். நூலில் தொங்குகிற மாதிரிதான்.

நானே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் சாவி, மெசேஜ், கடைசிக்குத் தள்ளியது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

"வந்து நிண்டு சண்டை பிடிச்சது நான். வராத ஆக்களுக்கோ இடம்?"

"அவங்களுக்கும் உங்களை மாதிரிதாம்மா, மெசேஜே போகல. முதல்ல இருக்கறவங்க கிளென்ஃபீல்டில இருக்கிற ஒரு ஃபிஜி அம்மா. ரெண்டு கண்ணும் மங்கலாம். அவங்களுக்கு இப்படி ஒன்னு நடந்திருக்குன்னே தெரியாது."

கையில் இருந்த பிஸ்கட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவவுக்கு இப்பவே போன் எடுங்கோ. கடுதாசி போட்டிடாதேங்கோ, அவவாலை வாசிக்கேலாது" என்றார். பிறகு, "எனக்கு நாளைப் பெரிய எழுத்திலை எழுதித் தாங்கோ. கம்ப்யூட்டரை நான் நம்ப மாட்டன்."

சுசீலா ஒரு முழு வெள்ளைத் தாளில் தடித்த மார்க்கரால் தேதியை எழுதிக் கொடுத்தார். மேலாளர் தன் காரிலேயே அம்மாவை ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "இனி எதையும் அழிக்காதே, சுசீலாவைக் கேட்காமல் எதையும் வடிவமைக்காதே" என்றார். முப்பது வருட வேலையில் இதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் டேபிள் வரைவதற்கு முன் ரிசப்ஷனில் ஒரு வாரம் உட்காருவேன். எந்த விதியை உடைத்து வேலை பார்க்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு ஆளுக்கும் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு வெறும் எண். அதுதான் சாவி. கைபேசி எண்கள் தனி டேபிளுக்குப் போயின. ஓர் எண்ணை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் எத்தனை எண் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எண்ணே இல்லாதவரும் ஆள்தான். இதையெல்லாம் நான் கல்லூரியிலேயே படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். நல்ல மார்க் வேறு.

ஐந்து வாரம் கழித்து அம்மாவுக்குக் கண் செய்தார்கள். லைசன்ஸ் முடிய நாலு நாள் இருக்கும்போது பரிசோதனையில் தேறிவிட்டார். சுசீலா அன்று எல்லோருக்கும் கேசரி செய்து கொண்டுவந்தார்.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். கடைசிப் பரிசோதனைக்கு மகேஸ்வரி அம்மா தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அன்று ரயில் பாதையில் வேலை நடக்கிறது என்று ரயிலையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். வெளியே ஒரே மழை. என் வீடும் கிளென் ஈடன் பக்கம்தான் என்று சுசீலா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏறும் பிள்ளை, நான் கொண்டுபோய் விடுறன்" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஏறினேன். மோட்டார்வேயில் ஏறியதும் மனுஷி நூறு கிலோமீட்டரில் போகிறார். நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அவர் நிதானமாகக் கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், பாதை மாறினார். ஒரு தப்புக்கூட இல்லை. என்னைவிட நன்றாகவே ஓட்டினார்.

"இப்ப உங்கட கம்ப்யூட்டரிலை நான் என்னண்டு இருக்கிறன்?" என்று கேட்டார்.

"நானூத்துப் பன்னெண்டும்மா."

"அதென்ன நானூத்திப் பன்ரெண்டு?"

"அதுக்கு அர்த்தமே கிடையாதும்மா. நீங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். வீடு மாறினாலும், பேர் மாறினாலும், போன் மாறினாலும் அது மாறாது. வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

"இவருக்கு?"

"அவருக்கு வேற நம்பர்."

"மகனுக்கு?"

"அவர் நம்ம நோயாளியே இல்லையேம்மா. அவருக்கு ஒன்னும் கிடையாது."

வைப்பரைக் கொஞ்சம் வேகமாக்கினார்.

"பாரும் பிள்ளை," என்றார், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கலியாணத்துக்கு முன்னம் அப்பான்ரை பேரிலை இருந்தன். பேந்து இவரின்ரை பேரிலை. இஞ்சை வந்தாப் பிறகு மகன்ரை வீடு, மகன்ரை போன், மகன்ரை விலாசம். எனக்கெண்டு இருந்தது இந்த லைசன்ஸ் ஒண்டுதான். அதுதான் போகப் பாத்தது."

என் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். நான் இறங்கப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தி, காரின் முன்தட்டைத் திறந்து, லைசன்ஸ் வைத்திருந்த உறையையும் ஒரு பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அந்த நம்பரை இதிலை வடிவா எழுதும்" என்றார். "பெரிசா எழுதத் தேவையில்லை. எனக்கு இப்ப தெரியும்."